இல்லாத கணினிகளின் நிர்வாகம்

தமிழ்நாடு அரசின் மாநிலத் தரவு மையம் சென்னை பெருங்குடியில், அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் வளாகத்தில் இயங்குகிறது. தரவு மையம் என்பது சர்வர்களையும், தரவைத் தேக்கிவைக்கும் வட்டு அடுக்குகளையும், வலையமைப்புக் கருவிகளையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்தி, அவற்றுக்கு அறுபடாத மின்சாரமும் குளிர்ச்சியும் காவலும் தரும் இடமாகும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் தொழிலாளி ஒருவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்துக்குப் போனால், அங்குள்ள பணியாளர் அவருடைய ‘கேன்’ என்னும் குடிமக்கள் அணுகல் எண்ணைத் தட்டி, கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு உள்ளிட்டு, ஸ்கேன் செய்த குடும்ப அட்டையை ஏற்றி, கட்டணத்துக்கு ரசீது அச்சிட்டுக் கொடுக்கிறார். அதன்பின் அந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அகஸ்தீஸ்வரம் வட்டாட்சியர் அலுவலகம் என்று மேசை மேசையாக நகர்வதுபோல் வெளியே தோன்றினாலும், உண்மையில் அது ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் வடக்கே ஒரு வட்டில் பதிந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. அலுவலர்கள்தாம் ஒருவர்பின் ஒருவராக அதைத் தேடி வருகிறார்கள்.

அந்த விண்ணப்பத்தைக் கையாளும் கணினி எது என்று ஒருவர் இத்தகைய மையத்துக்குள் போய்க் கேட்டால், எந்தப் பொறியாளராலும் விரலை நீட்டி ஒரு பெட்டியைக் காட்டிவிட முடியாது. திரையில் அந்தக் கணினிக்குப் பெயர் உண்டு, இத்தனை கோர் (தனித்தனியே இயங்கும் செயலிக் கூறு) கொண்ட செயலி, இத்தனை ஜிகாபைட் நினைவகம் என்ற அளவுகள் உண்டு, அதற்கென இயங்குதளம்கூட உண்டு. ஆனால் அது ரேக்கில் பொருத்தப்பட்ட இரும்புப் பெட்டி அன்று. ஒரு பௌதிகச் சர்வரின் வன்பொருளை மென்பொருளால் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறும் தன்னைத் தனிக்கணினி என்றே கருதி இயங்கும்படி செய்யும் நுட்பத்துக்கு மெய்நிகராக்கம் என்றும், அப்படிப் பிறக்கும் கணினிக்கு மெய்நிகர் கணினி என்றும் பெயர். காலையில் ஒரு பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினி பிற்பகலில் வேறொரு பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பயன்படுத்தும் வடசேரிப் பணியாளருக்கு மட்டுமல்ல, அந்தக் கணினிக்கே இடம் மாறியது தெரியாது.

இந்த ஏற்பாடு அரசுத் துறைகளுக்கு வந்துசேர்ந்த வழி நேரானதன்று. மாநில அலுவலகங்களை மாவட்டம், வட்டம், ஒன்றியம் வரை இணைக்கும் மாநில விரிபரப்பு வலையமைப்புத் திட்டத்துக்கு இந்திய அரசு 2005 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது; தேசிய மின் ஆளுமைத் திட்டம் 2006 மே மாதத்தில் வந்தது; ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பொதுத் தரவு மையம் என்ற திட்டம் 1,623.20 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2008 ஜனவரியில் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு துறை புதிய மென்பொருளை ஏற்படுத்தினால் அதற்கென ஒரு சர்வரையும் வாங்குவதே வழக்கமாக இருந்தது. இரண்டு மென்பொருள்களை ஒரே கணினியில் நிறுவினால் ஒன்றின் பிழை மற்றொன்றைச் சாய்த்துவிடும், ஒன்றுக்கு வேண்டிய இயங்குதளப் பதிப்பு மற்றொன்றுக்கு ஒத்துவராது, யார் பழுதுபார்ப்பது என்பதில் ஒப்பந்ததாரர்களுக்குள் பூசல் எழும் என்பதால், ஒரு மென்பொருளுக்கு ஒரு பெட்டி என்பது எழுதப்படாத விதியாயிற்று.

விதி பாதுகாப்பானதுதான், ஆனால் பெருஞ்செலவு பிடித்தது. கூகுள் நிறுவனத்தின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சர்வர்களை ஆறு மாத காலம் கவனித்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை, அவை பெரும்பாலான நேரம் தம் முழுத் திறனில் பத்து முதல் ஐம்பது விழுக்காட்டுக்குள்ளேயே இயங்கின என்பதையும், ஏறக்குறைய ஒன்றுமே செய்யாத சர்வர்கூட தன் உச்ச மின்தேவையில் பாதியை விழுங்கியது என்பதையும் காட்டியது. கூகுளின் நிலையே அதுவானால், கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் மட்டும் திணறி, மற்ற மாதங்களில் வெறுமனே சுழலும் சான்றிதழ்ச் சர்வரின் நிலையை ஊகிப்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. பல துறைகளின் பாதிச்சோம்பல் சர்வர்களை ஒரே பெட்டிக்குள் மெய்நிகர் கணினிகளாக அடுக்கிவிட்டால், உச்சத் தேவைகள் ஒரே நாளில் வந்து மோதாத வரையில், பத்துப் பெட்டிகளின் வேலையை ஒன்றிரண்டு பெட்டிகளே செய்துமுடிக்கும்.

நுட்பம் இந்தத் தேவையைவிட மூத்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1960-களின் நடுப்பகுதியில் உருவான சி.பி.-40 என்னும் அமைப்பு, ஒரே பெருங்கணினியைப் பல பயனர்களுக்கும் தனித்தனிக் கணினியாகக் காட்டியது. 1972-இல் அதே வழிவந்த வி.எம்./370 விற்பனைக்கே வந்துவிட்டது. ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் 1974-இல், எத்தகைய செயலியை முறையாக மெய்நிகராக்க முடியும் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். அதன் சாரத்தை இவ்வாறு விளக்கலாம். கணினியில் எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே அந்தஸ்து இல்லை. இரண்டு எண்களைக் கூட்டு என்ற கட்டளையை எந்த நிரலும் இடலாம், ஆனால் நினைவகத்தின் பங்கீட்டை மாற்று, வட்டை அணுகு, செயலியை நிறுத்து போன்றவை இயங்குதளத்துக்கு மட்டுமே உரியவை. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம் இத்தகைய சிறப்புக் கட்டளை ஒன்றை இடும்போது, செயலி அதை நிறைவேற்றாமல் இடைமறித்து, அடியில் உள்ள மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நிரல், கேட்ட கணினிக்கு உரிய கூறில் மட்டும் அந்த விளைவை உண்டாக்கிக் காட்டி, ஒன்றும் நடவாததுபோல் கட்டுப்பாட்டைத் திருப்பித் தரும். இந்த மேற்பார்வை நிரலுக்கே ஹைப்பர்வைசர் என்று பெயர்.

பின்னாளில் உலகெங்கும் பரவிய இன்டெல் வகைச் செயலிகள் இந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. பென்டியம் செயலியை ஆராய்ந்தவர்கள், இடைமறிக்கப்பட வேண்டியிருந்தும் இடைமறிப்புக்குச் சிக்காமல் நழுவிவிடும் பதினேழு கட்டளைகள் அதில் இருப்பதை 2000-இல் பட்டியலிட்டனர். 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றியெழுதும் உத்தியால் இந்தத் தடையைத் தாண்டியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸென், இயங்குதளத்தையே சற்றுத் திருத்தி எழுதிவிடும் வழியை 2003-இல் காட்டியது. 2005-இல் இன்டெல்லும் அடுத்த ஆண்டில் ஏ.எம்.டி.யும் செயலிக்குள்ளேயே அந்த இடைமறிப்பு வசதியைப் பதித்துவிட்டன. அதன்பின் 2007-இல் லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்ற கே.வி.எம். இன்று உலகின் பல மேகக் கணிமைச் சேவைகளுக்கு அடித்தளமாக இருக்கிறது.

நிர்வாகத்தின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மெய்நிகர் கணினியை உருவாக்குவோர், அதற்கு இத்தனை கோர், இத்தனை ஜிகாபைட் என்று ஓர் அளவைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த அளவு ஒரு வாக்குறுதியே தவிர, எடுத்து ஒதுக்கிவைத்த பொருள் அன்று. எடுத்துக்காட்டாக, 64 கோரும் 1,024 ஜிகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு பௌதிகச் சர்வரில் தலா 4 கோர் என்று 64 மெய்நிகர் கணினிகளை ஏற்றினால், வாக்களித்தது 256 கோர், கையிருப்பு 64 கோர்; நான்குக்கு ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே இந்த மிகை ஒதுக்கீடு நடக்கிறது, பெரும்பாலும் அந்த நம்பிக்கை பலித்தும்விடுகிறது. பலிக்காத நாளில் நடப்பதை நாஞ்சில் நாட்டு வேளாண்மையைத் தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது: பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் இருக்கிறது, கால்வாயும் திறந்திருக்கிறது, மேல்மடைக்காரர் எவரும் விதியை மீறவில்லை, ஆயினும் எல்லாரும் ஒரே வாரத்தில் நாற்று நட இறங்கிவிட்டால் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எட்டாது. மெய்நிகர் உலகின் கடைவரம்புக்காரருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. தன் மடையில் ஓட்டம் குறைந்ததே அவருக்குத் தெரியாது. மெய்நிகர் கணினிக்குள் இருந்து பார்த்தால் செயலி முப்பது விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று காட்டும். பணியாளரோ பக்கம் திறக்கவில்லை என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. அந்தக் கணினி தன் முறை வருவதற்காகக் காத்துக்கிடந்த நேரம் அதன் கணக்கில் முழுமையாக ஏறாது, ஹைப்பர்வைசரின் கணக்கிலேயே ஏறும்.

ஆகவே, இத்தகைய மையங்களில் தேர்ந்த நிர்வாகி முதலில் பார்ப்பது செயலிப் பயன்பாட்டு விழுக்காட்டை அன்று, காத்திருப்பு நேரத்தை. அதிலும் ஒரு வினோதம் உண்டு. மெதுவாக இருக்கிறது என்று துறை முறையிட்டால், நான்கு கோரை எட்டாக்கித் தருவதே இயல்பான எதிர்வினை; ஆனால் நெரிசலான சர்வரில் அது நோயைக் கூட்டிவிடக்கூடும், ஏனெனில் எட்டு கோர் கேட்கும் கணினிக்கு அவற்றை ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேடிக்கொடுப்பது நான்கைத் தேடிக்கொடுப்பதைவிடக் கடினம். கோரைக் குறைத்ததும் வேகம் கூடிய நிகழ்வுகள் இத்துறையில் அரிதல்ல. கேட்டதைக் கொடுக்க மறுப்பதற்கும் அதைத் துறைச் செயலர் ஒருவருக்குப் புரியவைப்பதற்கும் வேண்டிய துணிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

நினைவகத்தின் பங்கீடு இன்னும் நுட்பமானது. செயலியை நொடிக்குப் பல நூறு முறை கைமாற்றலாம்; நினைவகத்தில் ஒருவர் வைத்ததை எடுக்காமல் மற்றவருக்கு இடம் தர முடியாது. எதை எடுத்தால் கேடில்லை என்பது உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தெரியும். வெளியே உள்ள ஹைப்பர்வைசருக்குத் தெரியாது. வி.எம்.வேர் நிறுவனத்தின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் விவரித்த தீர்வு, இத்துறையின் அழகான தந்திரங்களில் ஒன்று. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்குள்ளும் ‘பலூன்’ என்னும் சிறு நிரல் வைக்கப்படுகிறது. வெளியே நினைவகத் தட்டுப்பாடு வரும்போது, ஹைப்பர்வைசர் அந்தப் பலூனை ஊதச் சொல்கிறது. ஊதும் பலூன் உள்ளிருக்கும் இயங்குதளத்திடமே இடம் கேட்கிறது. நெருக்கடியை உணர்ந்த இயங்குதளம், தனக்கு மிகக் குறைவாகத் தேவைப்படும் பக்கங்களைத் தானே தேர்ந்து காலிசெய்து கொடுக்கிறது. அப்படிப் பலூன் பிடித்துவைத்த வெற்றிடத்தை ஹைப்பர்வைசர் எடுத்து வேறு கணினிக்குத் தந்துவிடுகிறது. எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு, அறிந்தவர் கையிலேயே விடப்படுகிறது. ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்களைப் பல கணினிகளுக்கும் பொதுவாக ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் மற்றோர் உத்தியும் அதே கட்டுரையில் விளக்கப்பட்டது; ஆனால் பகிரப்பட்ட பக்கங்களின் வழியே ஒரு கணினி மற்றொன்றின் இரகசியத்தை உளவறிய இடமுண்டு என்று தெரிந்தபின், வி.எம்.வேர் 2014-இன் இறுதியில் கணினிகளுக்கு இடையேயான அந்தப் பகிர்வை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது.

தந்திரங்களுக்கும் எல்லை உண்டு. பலூன் போதாமல் ஹைப்பர்வைசர் தானே நினைவகப் பக்கங்களை வட்டுக்குத் தள்ளத் தொடங்கினால், மைக்ரோநொடிக்குள் முடிய வேண்டிய வேலை மில்லிநொடிகளுக்கு நீள, மேலே ஓடும் தரவுத்தளம் மூச்சுத்திணறும். எனவே செயலியை நான்கு மடங்குவரை மிகையாக வாக்களிக்கத் தயங்காத நிர்வாகிகள், முக்கியமான தரவுத்தளங்களுக்கு நினைவகத்தை மிகையின்றி முழுமையாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஓட்டம் தடைபடாமல் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும் உயிர்நிலை இடமாற்றம், மெய்நிகராக்கத்தின் மிகப் பெரிய வரம் எனலாம். வி.எம்.வேர் இதை 2003-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஸென் அமைப்பில் செய்த ஆய்வை 2005-இல் வெளியிட்டனர். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகம் முழுவதும் புதிய பெட்டிக்கு நகலெடுக்கப்படுகிறது. நகலெடுக்கும் நேரத்தில் மாறிப்போன பக்கங்கள் இரண்டாம் சுற்றில் அனுப்பப்படுகின்றன. அந்நேரத்தில் மாறியவை மூன்றாம் சுற்றில். மீதி போதிய அளவு சிறுத்ததும், கணினியை ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியதை அனுப்பி, புதிய இடத்தில் ஓடவிடுகிறார்கள். 64 ஜிகாபைட் நினைவகம் கொண்ட கணினியை நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ 51 நொடி ஆகும். அக்கணினி நொடிக்கு 1 ஜிகாபிட் வீதம் தன் நினைவகத்தை மாற்றிக்கொண்டிருந்தால், அடுத்த சுற்றுக்கு 5 நொடி, அதற்கடுத்ததற்கு அரை நொடி, பிறகு நொடியில் இருபதில் ஒரு பங்கு என்று ஒவ்வொரு சுற்றும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். 2005-ஆம் ஆண்டின் ஆய்வில், பலர் இணைந்து விளையாடும் ஒரு விளையாட்டுச் சர்வரை நகர்த்தியபோது ஓட்டம் நின்றது வெறும் 60 மில்லிநொடி. ஆனால் மாறும் வேகம் அனுப்பும் வேகத்தை எட்டிவிட்டால் மீதி சுருங்கவே சுருங்காது. நெரிசல் உச்சத்தில் இருக்கும் தரவுத்தளத்தை, நெரிசலைக் குறைப்பதற்கென்றே நகர்த்த முயல்பவர்கள் இந்தக் கணக்கில் சிக்கிக்கொள்வது வழக்கம்.

இந்த வரத்தால் பழுதுபார்ப்பின் தன்மையே மாறிவிட்டது. ஒரு பெட்டியில் நினைவகப் பலகையை மாற்ற வேண்டுமானால், அதன்மேல் உள்ளவற்றை அண்டைப் பெட்டிகளுக்குப் பெயர்த்துவிட்டு, பட்டப்பகலில், துறைகளின் அலுவல் நேரத்திலேயே அதைத் திறக்கலாம். ஆனால் பெயர்ப்பதற்கு அண்டையில் இடம் இருக்க வேண்டும். எட்டுச் சர்வர்கள் கொண்ட தொகுதியில் ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்க வேண்டுமென்றால், மொத்த நினைவகத்தில் எண்பத்தேழரை விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும்போது மற்றொன்று விழும் வாய்ப்பையும் கருதினால் எழுபத்தைந்து. வாங்கிய இயந்திரத்தில் கால் பங்கு சும்மா இருக்கிறதே என்று தணிக்கைக் குறிப்பு எழுதப்படும் அபாயம் அரசு மையங்களுக்கு எப்போதும் உண்டு. அந்தக் கால் பங்குதான் காப்பீடு என்பதை ஒப்பந்த ஆவணத்திலேயே எழுதிவைத்துவிடுவது நல்லது. ஒரே சேவையின் இரட்டைக் கணினிகள், ஒன்று விழுந்தால் மற்றொன்று தொடர வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டவை, தானியங்கி இடமாற்றத்தால் ஓசையின்றி ஒரே பெட்டியில் வந்து சேர்ந்துவிடாதபடி விலக்கு விதி எழுதிவைப்பதும் அதே வகைக் கவனம்தான்.

எளிமையும் தன் பங்குக்குக் கேடு செய்கிறது. முன்பு ஒரு சர்வர் வேண்டுமானால் கோப்பு, ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல் ஆணை என்று மாதக்கணக்காகும். இன்று சில நிமிடங்களில் மெய்நிகர் கணினி தயார். விளைவாக, சோதனைக்கென்று கேட்டவை, முடிந்துபோன திட்டத்தின் இணையதளம், ஒப்பந்தக்காலம் முடிந்து போன நிறுவனம் விட்டுச்சென்றவை என்று கேட்பாரற்ற கணினிகள் பெருகுகின்றன. அவை இடத்தை அடைப்பதைவிட, எவரும் பாதுகாப்புத் திருத்தங்களை இடாமல் கிடப்பதே பெரிய ஆபத்து. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் பிறக்கும்போதே ஒரு பொறுப்பாளரையும் ஒரு காலாவதி நாளையும் எழுதிவைத்து, நாள் வந்ததும் முதலில் வலையமைப்பிலிருந்து துண்டித்து, சில வாரங்கள் யாரும் முறையிடாவிட்டால் அழித்துவிடுவதே நடைமுறையில் பயன்தரும் வழி. முறையிடுபவர் வந்தால் அவரே பொறுப்பாளர்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மெய்நிகர் கணினி செயலிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதன் கடிகாரம் பின்தங்கக்கூடும்; இடமாற்றத்தின்போதும் அப்படியே. பத்திரப்பதிவு ஒன்றின் நேர முத்திரையோ, ஒரு சான்றிதழின் மின்கையொப்பமோ எந்தக் கணத்தில் இடப்பட்டது என்பது வழக்குக்கு உரிய செய்தி என்பதால் இது சிறு குறை அன்று. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணை, கணினிகளின் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களுடன் ஒத்திசைக்க வேண்டும் என்றும், இயக்கப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது.

மின்சாரமும் குளிர்ச்சியும் மெய்நிகராக்கத்தால் மறைந்துவிடுவதில்லை, ஓரிடத்தில் குவிகின்றன. முன்பு அறையெங்கும் பரவியிருந்த வெப்பம் இப்போது நெருக்கமாய் அடுக்கிய சில ரேக்குகளிலிருந்து வீசுகிறது. மையம் மொத்தமாக வாங்கும் மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் உண்ணும் மின்சாரத்தால் வகுத்துக் கிடைக்கும் மின்பயன் திறன் விகிதத்தை கிரீன் கிரிட் அமைப்பு 2007-இல் அறிமுகப்படுத்தியது. ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. சென்னையின் ஈரப்பதமும் வெயிலும் ஒன்றை எட்டவிடா. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் இருந்தாலே போதும் என்பது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. எனவே உள்ளே நுழைந்ததும் உடல் நடுங்கும் தரவு மையம், பெருமைக்குரியதாகக் கருதப்பட்டாலும், பெரும்பாலும் மின்சாரத்தை வீணாக்கும் மையமே.

பெருங்கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு ஒரு மென்பொருள் என்ற காலத்தில், ஒரு பெட்டியின் வீழ்ச்சி ஒரு சேவையின் வீழ்ச்சி. ஐம்பது கணினிகளைச் சுமக்கும் ஹைப்பர்வைசர் வீழ்ந்தால் ஐம்பது சேவைகள். தாக்குபவர்களுக்கும் இக்கணக்கு தெரியும். வி.எம்.வேர் ஹைப்பர்வைசரில் இருந்த ஒரு குறைக்கு அந்நிறுவனம் 2021 பிப்ரவரியில் திருத்தம் வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்தும் அதை நிறுவாமல் இணையத்துக்குத் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான சர்வர்களை, 2023 பிப்ரவரியில் பரவிய பிணைத்தொகைத் தீநிரல் ஒன்று தாக்கியது. அது மெய்நிகர் கணினிகளின் உள்ளே நுழையும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளவில்லை. அவற்றின் வட்டுக் கோப்புகளை வெளியிலிருந்தே பூட்டிவிட்டது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23-இல் நடந்த தாக்குதலில் ஐந்து சர்வர்களும் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவும் பூட்டப்பட்டன. புறநோயாளிப் பதிவு பல நாள் காகிதத்துக்குத் திரும்பியது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே பரவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதிலிருந்து நிர்வாகிகள் எடுத்துக்கொள்ளும் விதி எளியது: ஹைப்பர்வைசரை ஆளும் வலையமைப்பு, அதன்மேல் ஓடும் எந்தக் கணினிக்கும் எட்டாத தனி வலையமைப்பாக இருக்க வேண்டும்.

தாக்குதலிலிருந்து மீளக் காப்புப் பிரதி வேண்டும்; ஸ்னாப்ஷாட் என்னும் வசதி இந்த இடத்தில் பலரை ஏமாற்றுகிறது. மெய்நிகர் கணினியின் அந்தக் கண நிலையை உறையவைத்து, அதன்பின் நிகழும் மாற்றங்களை மட்டும் வேறு கோப்பில் எழுதுவதே ஸ்னாப்ஷாட். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் எடுத்துவைத்து, கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும். ஆனால் அது மூலத்தின் அதே வட்டடுக்கில், மூலத்தையே நம்பி நிற்பதால் காப்புப் பிரதியாகாது. மாதக்கணக்கில் அழிக்காமல் விட்டால் மாற்றக்கோப்பு வளர்ந்து வட்டையே நிரப்பிவிடும்.

வட்டடுக்கே, கட்டடமே போனால் என்ன என்ற கேள்விக்குத் தென்கொரியா அண்மையில் பெரும் விலை கொடுத்தது. தேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் 2025 செப்டம்பர் 26-இல், மின்தடைக் காப்புக்கான லித்தியம் மின்கலங்களை இடம்பெயர்க்கும் பணியின்போது தீப்பற்றி, 709 அரசுச் சேவைகள் நின்றன. அவற்றுள் பல வாரக்கணக்கில் மீளவில்லை. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த பொதுச் சேமிப்பகம் ஒன்றின் 858 டெராபைட் தரவு, வேறிடத்தில் நகல் இல்லாததால் முற்றிலும் அழிந்தது. கணினித் துறையில் முன்னணியில் உள்ள நாட்டில் நடந்தது என்பதால் இது உலகத் தரவு மையங்கள் அனைத்தையும் திரும்பிப் பார்க்கவைத்தது.

தமிழ்நாட்டின் பேரிடர் மீட்பு மையம் திருச்சியில் அமைந்திருப்பதன் நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் வர்தா புயலும் கண்ட சென்னைக்கு மாற்று, அதே கடற்கரையில் இருப்பதில் பொருளில்லை. ஆனால் தொலைவுக்கும் விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது; சென்னை–திருச்சி இழைவழித் தொலைவை 330 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்த் திரும்ப 3.3 மில்லிநொடி. ஒவ்வொரு பதிவும் திருச்சியில் எழுதப்பட்டதை உறுதிசெய்துகொண்ட பின்னரே அடுத்ததைத் தொடங்கும் முறையில், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு முந்நூறு பதிவுகளே முடியும். அதனால் இத்தகைய தொலைவுகளில் சற்றுப் பின்தங்கியே நகலெடுப்பது உலக வழக்கு. பேரிடர் வந்தால் கடைசிச் சில நொடிகளோ நிமிடங்களோ இழக்கப்படும். எந்தச் சேவைக்கு எத்தனை நிமிட இழப்பு பொறுக்கத்தக்கது என்பதைத் துறைகளே முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். எல்லாத் துறைகளும் ‘இழப்பே கூடாது’ என்றுதான் முதலில் எழுதும்; விலைப்பட்டியலைக் காட்டியபின் பதில் மாறும்.

இதற்கெல்லாம் அப்பாற்பட்ட முறிவுகளும் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மையம் எங்கிருந்தாலும் நாகர்கோவிலில் சேவை இருந்திராது; அது கம்பத்தின் பிரச்சினை, கணிமையின் பிரச்சினை அன்று.

மென்பொருளின் உரிமையாளர் மாறினாலும் அடித்தளம் அதிரும். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வி.எம்.வேரை வாங்கி, ஒருமுறை விலைகொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியதும், உலகெங்கும் பல மையங்கள் கே.வி.எம். போன்ற திறமூல மாற்றுகளைக் கணக்கிடத் தொடங்கின. பெயர்ப்பு எளிதன்று, வட்டுக் கோப்பின் வடிவத்தை மாற்றுவது ஓரிரவு வேலையாக இருந்தாலும், காப்புப் பிரதி, கண்காணிப்பு, பணியாளர் பயிற்சி அனைத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். பொதுப்பணத்தில் இயங்கும் மையங்கள், அடுத்த ஒப்பந்தத்தை எழுதும் முன்னரே வெளியேறும் வழியை எழுதிக்கொள்வது உத்தமம்.

பேரிடர் மீட்பில் கடைசியாக எஞ்சுவது எழுப்பும் வரிசை. நின்றுபோன நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் எழுப்பினால், வட்டடுக்கு திணறி எல்லாமே தாமதமாகும். அதோடு, ஒன்றையொன்று தேடும் கணினிகள் தவறான வரிசையில் எழுந்தால், எழுந்தும் பயனின்றி நிற்கும். முதலில் கடிகாரமும் பெயர்களை முகவரியாக மாற்றித்தரும் சர்வரும், அடுத்து பயனர் அடையாளத்தைச் சரிபார்க்கும் சர்வர், அதன்பின் தரவுத்தளங்கள், அவற்றின்மேல் பயன்பாட்டு மென்பொருள்கள், இறுதியில் இணையத்தை நோக்கிய வாயில்கள் என்பது பொதுவான ஒழுங்கு. இந்த வரிசையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் உண்மையாகவே நிறுத்தி எழுப்பி ஒத்திகை பார்க்கும் மையங்களில், முதல் ஒத்திகையில் பெரும்பாலும் வெளிப்படும் குறை ஒன்றே: வரிசைப் பட்டியலும் கடவுச்சொற்களும், நின்றுபோன மெய்நிகர் கணினிகளில் ஒன்றினுள் இருக்கும். அதனால்தான் பழகிய நிர்வாகிகள் அந்தப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, நாளிட்டு, உறையிலிட்டு, முதன்மை மையமும் மீட்பு மையமும் உள்ள இரு ஊர்களிலும் ஒவ்வொரு பிரதியைப் பூட்டிவைக்கிறார்கள்.